மலையில் இருந்து கடல் மிருகங்களைப் பார்ப்பது: பழைய படங்களின் ரசிகர்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்து வாசிகசாலையில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய படம் ஒன்றைக் காட்டி வருகிறோம். கடல் மிருகப் படங்களைப் போடத் தொடங்கிய பிறகு, படம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று கேள்வி கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், யோசித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

கடல் மிருகப் படம் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஆழ்நீரில் இருந்து எழுந்து மனிதர் வாழும் இடத்துக்குள் வரும் பேருயிர் ஒன்றை நடுவில் வைத்துச் சொல்லப்பட்ட கதைப்படங்களை. இவற்றில் நல்லவை பெரும்பாலும் 1953க்கும் 1961க்கும் இடையில் வந்தன. யூஜின் லூரியே இயக்கிய 'த பீஸ்ட் ஃப்ரொம் 20,000 ஃபதம்ஸ்' 1953இல் வந்தது. அடுத்த ஆண்டில் மட்டும் மூன்று முக்கியமான படங்கள் வந்தன: உலகம் காட்ஸில்லா என்று அறிந்திருக்கும் ஜப்பானின் 'கொஜிரா', ஜாக் ஆர்னோல்ட் இயக்கிய 'கிரியேச்சர் ஃப்ரொம் த பிளாக் லகூன்', டிஸ்னி நிறுவனத்தின் '20,000 லீக்ஸ் அண்டர் த சீ'. பிறகு 1955இல் 'இட் கேம் ஃப்ரொம் பினீத் த சீ', 1961இல் 'கோர்கோ'. இவற்றுள் 'கிரியேச்சர்' அமேசன் காட்டு நீர்நிலையில் நடப்பது. கடல் என்று சொல்ல முடியாதுதான், ஆனாலும் அதே குடும்பத்துப் பிள்ளை என்பதால் விலக்க மனம் வரவில்லை.

மலையில் இருக்கும் நமக்குக் கடல் மிருகம் எதற்கு?

இதைக் கேட்பவர்களில் பலர் கடலை வாழ்நாளில் நாலைந்து தடவைக்கு மேல் பார்க்காதவர்கள். ஆனால் நம்முடைய கதை கடலைத் தாண்டித்தான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் தோணிகளிலும், 1914க்குப் பிறகு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலிலும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். என் அப்பாயி சிறுமியாக அந்தக் கப்பலில் வந்தவர்; கரை கண்ணுக்கு மறைந்ததில் இருந்து தலைமன்னாரில் இறங்கும்வரை தாயின் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார். "கீழ என்ன கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். இந்தப் படங்கள் அத்தனையும் நிற்பது அந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

அதற்கும் முன்பே நம் இலக்கியத்தில் இலங்கைக்கு வரும் வழி கடல் மிருகங்களின் வழியாகத்தான் இருந்தது. கம்பராமாயணத்துச் சுந்தர காண்டத்தின் கடல் தாவு படலத்தில் அனுமனை வழிமறிக்கச் சுரசை வாய் பிளந்து நிற்கிறாள். அவளைக் கடந்தபின் அங்காரதாரை விழுங்கப் பார்க்கிறாள். சுரசையின் வாய் பெரிதாகப் பெரிதாக அனுமனும் பெரிதாகி, கடைசியில் சட்டென்று சிறிதாகி உள்ளே புகுந்து வெளியே வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பெரியதையும் சிறியதையும் அடுத்தடுத்து வைத்து மனதைத் திகைக்க வைக்கும் அந்த வித்தையைத்தான், பல நூற்றாண்டுகள் கழித்து, சினிமாக்காரர்கள் கமராவால் செய்தார்கள். றம்பொடை அனுமன் கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்குக் கடல் மிருகம் அந்நியமான விடயம் இல்லை.

பனிமூட்டத்தையும் சொல்ல வேண்டும். எதிரே பத்தடியில் நிற்கும் சவுக்கு மரம் முதலில் நிழலாகவும், பிறகு கிளையாகவும், கடைசியில் மரமாகவும் தெரிய வருவதைத் தினமும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, இந்தப் படங்களின் மொழியைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவை இல்லை.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'பீஸ்ட்' படத்தில் தொடங்குங்கள். ஏறத்தாழ 80 நிமிடம்தான். கதை நேராகப் போகும். வடதுருவப் பனியில் நடத்தப்படும் அணுகுண்டுச் சோதனை, அங்கே உறைந்து கிடந்த ஒரு தொல்விலங்கை எழுப்பி விடுகிறது. அது கடல்வழியே தெற்கே இறங்கி நியூயோர்க் நகரத்துக்கு வருகிறது. பிறகு வந்த பல படங்கள் எடுத்துக்கொண்ட பாதை இது. இரண்டாவதாக 'கொஜிரா'வைப் பாருங்கள். இரண்டுக்கும் கதை ஏறத்தாழ ஒன்று, ஆனால் குண்டைப் போட்ட நாட்டில் எடுத்த படத்துக்கும் குண்டு விழுந்த நாட்டில் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் நெஞ்சில் படும். மூன்றாவது 'கிரியேச்சர்', நான்காவது 'கோர்கோ'. 'இட் கேம் ஃப்ரொம் பினீத் த சீ' படத்தில் ஒக்டோபஸ் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பற்றி இழுக்கும் காட்சி அருமையானது. ஆனால் நடுவில் பேச்சு அதிகம் என்பதால் முதல் படமாக அதைப் போட வேண்டாம்.

'ரப்பர் பொம்மை' என்று பிள்ளைகள் சிரிக்கிறார்களே?

சிரிக்கட்டும், முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். எப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு அதே காட்சியை இரண்டாம் தடவை போட்டால், சிரித்த பிள்ளைகளே முன்னால் நகர்ந்து வந்து உட்காருவதை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம்.

முதன்மையான முறைகள் இரண்டு. ஒன்று, 'பீஸ்ட்' படத்தில் ரே ஹரிஹவுசன் செய்தது. உள்ளே மூட்டுகள் உள்ள உலோக எலும்புக்கூடும் வெளியே ரப்பர் தோலும் கொண்ட சிறிய உருவம் ஒன்றை மேசையில் நிறுத்தி, மயிரிழை அளவு அசைத்து ஒரு படம் எடுத்து, மறுபடி அசைத்து மறுபடி எடுத்துக்கொண்டே போவது. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிட நடைக்கு 1,440 படங்கள் வேண்டும். வால் ஆடும்போதே தலை திரும்ப வேண்டும், மூச்சுக்கு மார்பு ஏறி இறங்க வேண்டும், எந்தக் கால் எவ்வளவு முன்னேறியது என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். இடையில் பிழைத்தால் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். 'இட் கேம் ஃப்ரொம் பினீத் த சீ' படத்தின் ஒக்டோபஸுக்கு எட்டுக் கைகளுக்குப் பதில் ஆறு கைகள்தான் இருக்கின்றன. பணம் போதவில்லை, ஒவ்வொரு கையும் கூடுதல் செலவு, கூடுதல் நாள். தெரிந்துகொண்டு எண்ணிப் பாருங்கள். எண்ணுவது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதுதான் ஹரிஹவுசனின் கைத்திறன்.

மற்றது, மிருக உடைக்குள் மனிதர் இறங்கி நடிப்பது. 'கொஜிரா'வில் அதைச் செய்தவர் ஹருவோ நக்காஜிமா. முதலில் செய்த உடையின் எடை சுமார் 100 கிலோ. விளக்குகளின் சூட்டில், காற்றோட்டம் இல்லாத அந்தத் தோலுக்குள் நின்றுகொண்டு, சின்னச் சின்ன வீடுகளை மிதித்துச் செல்ல வேண்டும். யானையும் கரடியும் எப்படி எடை வைத்து நடக்கின்றன என்பதை விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய்ப் பார்த்து வந்து அந்த நடையை அவர் பழகினார். அதனால்தான் அந்த மிருகத்தின் காலடியில் கனம் இருக்கிறது.

மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வீரபத்திர வேடம் கட்டி வருபவர் அடுத்த லயத்து அண்ணன் என்று ஊருக்கே தெரியும். காலையில் அவரோடு மலைக்குப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள். ஆனாலும் தப்பு முழங்கி அவர் பாய்ந்து வரும்போது தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். வேடம் என்று தெரிந்துகொண்டே அஞ்சுவது நமக்குப் பழக்கமான இன்பம். அதே மனத்தோடு உட்கார்ந்தால் போதும்.

மிருகம் வெளியே வர ஏன் இவ்வளவு நேரமாகிறது?

வேண்டுமென்றேதான். முதலில் ஒரு கப்பல் காணாமல் போகும், பிறகு ஒரு தடம், பிறகு யாரோ ஒருவர் சொல்லியும் எவரும் நம்பாத ஒரு சாட்சியம், அதன் பின்னர் ஒரு முதுகு. 'கொஜிரா'வில் அது முதன்முதலாக முகம் காட்டுவது நகரத்தில் அல்ல. ஓடோ என்ற தீவில், மலை முகட்டுக்கு மேலாகத் தலையை மட்டும் தூக்கி. கீழே இருந்து முகட்டை நோக்கி ஓடி வந்த சனம் அப்படியே நின்று திரும்பி ஓடுகிறது. மலைச்சரிவில் வீடு கட்டி வாழும் நமக்கு அந்தக் காட்சி வேறு மாதிரிப் படுகிறது. முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது நம்முடைய தினசரிக் கேள்வி அல்லவா!

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் மெல்ல மெல்ல வெளியே வருவதைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முழுக் கோயிலும் சேற்றில் நிற்கும் நாளைவிட, அதன் உச்சி மட்டும் நீருக்கு மேலே கறுப்பாகத் தெரியும் நாளில்தான் உடம்பு சிலிர்க்கும். நல்ல இயக்குநர்கள் அந்த நாளை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுகிறார்கள். ஆகவே தயவுசெய்து முன்னே ஓட்டிப் பார்க்காதீர்கள். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் பார்த்த காலத்தில், 'பேச்சை ஓட்டு, சண்டையைப் போடு' என்று பார்த்துப் பழகியவர்கள் நம்மில் பலர். இந்தப் படங்களில் அப்படிச் செய்தால் மிஞ்சுவது ரப்பர் மட்டும்தான்.

'20,000 ஃபதம்ஸ்' என்பது எவ்வளவு ஆழம்?

ஃபதம் என்பது ஆறு அடி. நம் மீனவர் 'பாகம்' என்று சொல்லும் அளவு. இருபதாயிரம் பாகம் என்றால் ஏறத்தாழ 36.5 கிலோமீற்றர். கடலின் மிக ஆழமான இடமே 11 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எனவே தலைப்பில் உள்ள ஆழம் பூமியில் எங்கும் இல்லை. '20,000 லீக்ஸ்' என்பதும் ஆழம் அல்ல. நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் பயணம் செய்த தூரம்.

'20,000 லீக்ஸ்' படத்தின் மூல நாவலில் இலங்கை வருகிறதாமே?

ஆம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்னின் அந்த நாவல் 1869–70இல் தொடராக வந்தது. அதில் கப்பித்தான் நீமோ மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புப் பாருக்குத் தன் விருந்தினரை அழைத்து வருகிறார். அங்கே தனியாக முத்துக் குளித்துக்கொண்டிருக்கும் ஏழை இந்தியர் ஒருவரைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியோடு பாய்ந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்தையும் அவர் கையில் வைத்துவிட்டுப் போகிறார். நம் முன்னோர் வந்திறங்கிய மன்னார்க் கரைக்குப் பக்கத்துக் கடல் அது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போடும் முன் இந்த அத்தியாயத்தைச் சொல்லுங்கள். வரைபடத்தைத் தேடி எடுக்க ஓடுவார்கள்.

'கொஜிரா' ஏன் இவ்வளவு துக்கமான படமாக இருக்கிறது?

இதுவே எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. காட்ஸில்லா என்றால் மிருகங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் வண்ணப் படம் என்று நினைத்து வருகிறவர்கள், படம் முடிந்ததும் பேச்சில்லாமல் எழுந்து போகிறார்கள்.

1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினி பவளத்தீவில் ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அந்தக் கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். வானொலித் தொடர்பாளராக இருந்தவர் அந்த ஆண்டு செப்டெம்பரில் இறந்தார். இஷிரோ ஹொண்டா இயக்கிய 'கொஜிரா' அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி வெளியானது. அதன் முதல் காட்சியே கடலில் ஒரு பேரொளியும் எரிந்து மூழ்கும் படகும்தான். தியேட்டரில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது எந்தப் படகு என்று தெரிந்திருக்கும். ஹிரோஷிமா, நாகசாகிக்கு ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. ரயிலில் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, நாகசாகியில் தப்பிய உயிரைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போவதைக் கவனியுங்கள்.

மிருகம் டோக்கியோவை எரித்துவிட்டுப் போனபின் படம் ஓடிவிடவில்லை. மருத்துவமனைத் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டவர்களையும், ஒரு குழந்தையின் முன்னால் பிடித்த கதிர்வீச்சுக் கருவி அடித்துக்கொள்வதையும் காட்டுகிறது. தெருவோரத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிறாள். சில விநாடிகள்தான் அந்தக் காட்சி. எங்கள் வாசிகசாலையில் அதற்குப் பிறகு யாரும் நிலக்கடலை கொறித்து நான் பார்த்ததில்லை.

மிருகத்தைக் கொல்லக்கூடிய ஆயுதம் ஒன்றைக் கண்டுபிடித்த செரிசாவா என்ற விஞ்ஞானி, அது அரசுகளின் கையில் சிக்கினால் இன்னொரு குண்டாகிவிடும் என்று அஞ்சி, குறிப்புகளை எரித்துவிட்டு, அதைக் கடலுக்கடியில் தானே கொண்டு போய்ப் பயன்படுத்தித் தானும் மேலே வராமல் இருந்துவிடுகிறார். வெற்றி என்று எவரும் துள்ளுவதில்லை. மிருகமும் குண்டுக்கு இரையான ஓர் உயிர்தான் என்பதைப் படம் ஒரு நொடிகூட மறக்கவில்லை. இந்த வகைப் படங்களிலேயே மிகச் சிறந்தது இது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்கப் பதிப்பைப் பார்த்தால் போதாதா?

போதாது. 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ரேமண்ட் பேர் என்ற நடிகரைப் பத்திரிகையாளராகப் புதிதாகப் படம்பிடித்து ஒட்டி, 96 நிமிடப் படத்தை ஏறத்தாழ 80 நிமிடமாக்கினார்கள். மேலே சொன்ன ரயில் பேச்சு அதில் இல்லை. ஜப்பானிய மொழிப் பதிப்பையே தேடிப் பாருங்கள்.

மொழி புரியாதவர்களுக்கு என்ன செய்வது?

ஓடும் படத்தின் மேல் யாரும் மொழிபெயர்த்துப் பேச வேண்டாம். அமைதிதான் இந்தப் படங்களின் பாதி. விளக்கை அணைக்கும் முன் கதையின் முதல் பாதியை ஐந்தாறு வாக்கியங்களில் தமிழில் சொல்லிவிடுகிறோம், முடிவைச் சொல்வதில்லை. 'கொஜிரா'வுக்கு மட்டும், செரிசாவா தன் ஆயுதத்தைப் பற்றித் தயங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அவர் என்ன சொல்கிறார் என்பதை ஒருவர் வாசிப்பார். மற்றதைக் கண் புரிந்துகொள்ளும்.

தகரக் கூரையில் மழை பெய்தால் ஒன்றும் கேட்பதில்லையே?

உண்மைதான், தென்மேல் பருவ மழையில் இரண்டு படங்களை நாங்கள் பாதியில் நிறுத்தியிருக்கிறோம். இப்போது இந்தப் படங்களை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மட்டுமே போடுகிறோம். குளிர் கடுமைதான், கம்பளியோடு வாருங்கள். பிளேன்ரீ நாங்கள் தருகிறோம். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல், பார்ப்பவர்களின் இரண்டு பக்கங்களிலும் நடுவரிசைக்கு நேராக வையுங்கள். சிறிய பெட்டிகளே போதும்.

ஒலிக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 'கொஜிரா'வின் அலறல் எந்த விலங்கின் குரலும் அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கொன்ட்ரபாஸ் என்ற பெரிய நரம்பிசைக் கருவியின் தளர்த்திய தந்திகளை, குங்கிலியம் போன்ற பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்க்க வைத்து, அந்த ஒலியை வேகம் மாற்றிப் பதிந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒருதடவை கேட்டுப் பாருங்கள்: தொடக்கத்தில் தந்தி கிறீச்சிடுவதும், முடிவில் ஏதோ ஒன்று அழுது அடங்குவதும் தனித்தனியாகக் கேட்கும். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இந்த இரண்டாவது பாதி கிடைக்காது.

சில படங்களில் தண்ணீர் மட்டும் ஏன் பொய்யாகத் தெரிகிறது?

கப்பலைச் சிறிதாக்கலாம், பாலத்தைச் சிறிதாக்கலாம், தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. தொட்டியில் மிதக்கும் சின்னக் கப்பலின் மேல் தெறிக்கும் துளி, கப்பலோடு ஒப்பிடும்போது பூசணிக்காய் அளவில் தெரியும். அலையும் அவசர அவசரமாக அடிக்கும். இதைச் சமாளிக்கக் கமராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் மெதுவாகக் காட்டுவார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி என்றால், வழக்கத்தைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான வேகத்தில் எடுக்க வேண்டும். அப்போதுதான் அலைக்குக் கனம் வருகிறது.

இருளும் புயலும் இன்னும் நல்ல துணை. டிஸ்னி படத்தில் ராட்சதக் கணவாயோடு நடக்கும் சண்டையை, முதலில் அமைதியான கடலில் அந்திச் செவ்வானத்தின் கீழ் எடுத்தார்கள். கணவாயை இயக்கிய கம்பிகள் தெரிந்தன, முழுக் காட்சியும் பொம்மலாட்டமாக நின்றது. பெரும் செலவில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரவு, புயல், மழை, பேரலை என்று மாற்றி மறுபடி எடுத்தார்கள். இன்றுவரை பேசப்படுவது அந்த இரண்டாவது சண்டை. அந்தப் படத்துக்குச் சிறப்புக் காட்சி அமைப்புக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

'கிரியேச்சர்' படத்தின் மிருகத்தை உருவாக்கியவர் ஒரு பெண்ணா?

ஆம், மிலிசென்ட் பற்றிக் என்ற ஓவியர். செதிலும் செவுளும் கொண்ட, மனிதச் சாயல் மாறாத அந்த உருவத்தின் வடிவமைப்பு அவருடையது. ஆனால் பல ஆண்டுகளாகப் பெயர் முழுவதும் ஒப்பனைப் பிரிவின் தலைவரையே சேர்ந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. இரவும் பகலும் செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் விழுவது என்னவென்று நம் பெண்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. படம் தொடங்கும் முன் எங்கள் வாசிகசாலையில் அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறோம்.

அந்தப் படத்தில் தரையில் நடப்பவர் ஒருவர், நீந்துபவர் வேறொருவர். நீருக்கடியில் நடித்த ரிக்கு பிரவுனிங் முதுகில் காற்றுக்குழாய் எதுவும் இல்லாமல், மூச்சை நிமிடக் கணக்கில் அடக்கிக்கொண்டு நீந்தினார். மேலே வெளிச்சத்தில் கதாநாயகி நீந்திக்கொண்டிருக்க, கீழே இருட்டில் மிருகம் மல்லாந்து, அவளைத் தொடாமல், அவள் திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பி நீந்தும் காட்சியை அவசரப்படாமல் பாருங்கள். அச்சமும் ஏக்கமும் ஒரே நீரில் கலந்திருக்கின்றன.

சிறுவர்களுக்கு எது பொருத்தம்?

ஏழெட்டு வயதுக்கு மேல் 'கோர்கோ' நல்லது. அயர்லாந்துக் கடலோரத்தில் பிடிபட்ட ஒரு மிருகத்தை லண்டனுக்குக் கொண்டு வந்து கூண்டில் வைத்துக் காசுக்குக் காட்டுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அது குட்டி என்று. தாய் தேடி வருகிறது. நகரத்தை உடைத்துக்கொண்டு வந்து, குட்டியைக் கூட்டிக்கொண்டு, தேம்ஸ் ஆற்றின் வழியே கடலுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. இதை இயக்கியவரும் 'பீஸ்ட்' எடுத்த லூரியேதான். முந்தைய படத்தில் மிருகம் செத்ததைப் பார்த்து அவருடைய சின்ன மகள் அழுதாளாம். அடுத்து எடுப்பதில் மிருகம் சாகக்கூடாது என்று அவர் நினைத்திருந்தார். பிள்ளைகள் இந்தப் படத்தின் முடிவில் கைதட்டுகிறார்கள். பெரியவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார் இந்த மலையில் குறைவில்லை.

'கொஜிரா'வைப் பன்னிரண்டு வயதுக்கு முன் காட்ட வேண்டாம்.

சுனாமியில் உறவுகளை இழந்தவர்களுடன் இந்தப் படங்களைப் பார்க்கலாமா?

அவர்களிடமே கேட்டுவிட்டுப் பாருங்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கரையோரத்தில் வேலைக்கு நின்ற தம் பிள்ளைகளைத் தேடிக் கீழே இறங்கிப் போன மலையகத்தவர்களும் உண்டு. ஒருமுறை 'கோர்கோ'வின் தொடக்கத்தில் கடல் கொந்தளிக்கும் காட்சியில் ஓர் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. இப்போது படத்தில் பேரலை, மூழ்கும் கப்பல், ஓடும் கூட்டம் ஆகியவை வருமா என்பதை அறிவித்தலிலேயே எழுதி ஒட்டுகிறோம், கதவோரத்தில் சில இருக்கைகளையும் விட்டு வைக்கிறோம்.

உண்மையான கடலில் இப்படி ஏதும் உண்டா?

நகரத்தை மிதிக்கும் மிருகம் இல்லை. ஆனால் ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே அழிந்துவிட்டதாக நினைத்த சீலகாந்த் என்ற மீன் 1938இல் தென்னாபிரிக்கக் கரையில் வலையில் வந்தது. ராட்சதக் கணவாயை அதன் ஆழத்திலேயே உயிரோடு முதன்முதலாகப் படம்பிடித்தது 2004இல்தான். அந்தக் கணவாயை நாவலாசிரியர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார்கள்.

'ஜோஸ்' இந்த வரிசையில் சேருமா?

1975இல் வந்த அந்தப் படத்தின் சுறா இயற்கையான ஓர் உயிர். எவரும் அதைக் குண்டு போட்டு எழுப்பவில்லை. ஆனால் இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானதால் அதைக் காட்டாமலே அச்சத்தை வளர்க்க வேண்டி வந்தது என்ற வகையில், பழைய படங்களின் பாடத்தை நன்கு படித்த மாணவன் அது. விரும்பினால் கடைசியில் பாருங்கள்.

ஒரே ஒரு காட்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

'பீஸ்ட்' படத்தின் கலங்கரை விளக்கக் காட்சியை. சில நிமிடங்கள்தான். இரவு, கடலுக்கு நடுவே பாறைமேல் தனியாக ஒரு விளக்குக் கோபுரம், உள்ளே இரண்டு காவலர்கள். கடலில் இருந்து மிருகம் எழுந்து வருகிறது. அதன் தோலையோ பல்லையோ நமக்குக் காட்டவில்லை. வெளிறிய வானத்துக்கு எதிரே கருநிழலாக மட்டும் தெரிகிறது. கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, அதன் உயரத்துக்கு நிமிர்கிறது. பிறகு அணைத்துக்கொள்வதைப் போல அதன்மேல் சாய்கிறது. கோபுரம் உடைகிறது.

இந்தக் காட்சி, ரே பிராட்பரி 1951இல் எழுதிய ஒரு சிறுகதையில் இருந்து வந்தது. அவரும் ஹரிஹவுசனும் இளமைக்கால நண்பர்கள்; இருவரும் 1920இல் பிறந்தவர்கள். பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் சங்கொலியை, பல கோடி ஆண்டுகளாகத் தனித்திருக்கும் ஒரு கடல் மிருகம் தன் இனத்தின் குரல் என்று நினைத்துத் தேடி வருவதுதான் அந்தக் கதை. படத்தில் இது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

சென்ற பெப்ரவரியில் இந்தக் காட்சியைப் போட்டபோது நாங்களும் சொல்லவில்லை. கோபுரம் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா என் பக்கம் திரும்பி, "அது ஒடைக்க வரல தம்பி, அந்த வெளிச்சத்துக்கிட்ட என்னமோ கேக்க வந்திருக்கு" என்றார். அன்று வெளியே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றது. சற்று நேரத்தில் இரவு ரயில் அட்டன் பக்கமாக நீளமாக ஊதிக்கொண்டு போனது, வாசிகசாலையில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.